சென்னைக் குளிரும் ராத்திரிப் பாலும்

18 டிசம்பர் 2024, இரவு 10.20 (கேள்வி)

குழந்தைக்கு இருபது நாள். மடிப்பாக்கத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். ராத்திரி நான்கு முறையாவது எழுந்து பால் கொடுக்கிறேன், ஒவ்வொரு முறையும் தோளும் முதுகும் வெடவெடக்கிறது. சொன்னால் "சென்னையில ஏதுடி குளிரு, ஊட்டியிலயா இருக்கோம்" என்று சிரிக்கிறார்கள். அம்மா காதில் பஞ்சு வைக்கச் சொல்கிறார். ஃபேனை நிறுத்தினால் வியர்த்து ஊற்றுகிறது, போட்டால் நடுங்குகிறது. எனக்கு மட்டும்தானா இப்படி?

18 டிசம்பர், இரவு 11.45 (பதில்)

இல்லை, எனக்கும்தான். ராயபுரத்தில் என் அம்மா வீட்டில் உட்கார்ந்து இடது கைக் கட்டைவிரலால் இதை எழுதுகிறேன். வலது கையில் ஐந்து வாரத்துப் பெண். இரண்டாவது பிரசவம்.

மார்கழி பிறந்து மூன்று நாள் ஆகிறது. இந்த மாதத்தில் விடியற்காலையில்கூட சென்னை 21, 22 டிகிரிக்குக் கீழே பெரிதாக இறங்குவதில்லை என்று எனக்கும் தெரியும். பெங்களூரில் இருக்கும் என் நாத்தனார் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆனால் போர்வைக்குள் கதகதப்பாகக் கிடந்த உடம்பை எழுப்பி, நைட்டி ஜிப்பை இறக்கி, ஃபேனுக்கு நேர் கீழே அரைமணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார வைத்தால் 22 டிகிரியும் குளிர்தான்.

முதலில் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு கொடுத்துப் பார்த்தேன். பிள்ளையின் முகம் தெரியவில்லை, மூக்கு அழுந்துகிறதோ என்று பயம். அப்புறம் பீரோவில் அப்பா ஓய்வுபெற்ற அன்று போர்த்திய பொன்னாடை கிடைத்தது. பார்க்க சால்வை மாதிரிதான் இருக்கிறது. போர்த்திப் பாருங்கள், ஜரிகை கழுத்தை அறுக்கும், சூடு என்பது பேருக்குக்கூடக் கிடையாது. முப்பது வருஷம் வேலை வாங்கிவிட்டு ஒரு மனிதருக்கு இதையா போர்த்துவார்கள்.

கடைசியில் உதவியது என் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. நைட்டிக்கு மேலே பொத்தான் போடாமல் மாட்டிக்கொள்ள வேண்டியது. முன்பக்கம் திறந்திருக்கும், முதுகும் தோளும் கையும் மூடியிருக்கும். மார்பில் குளிர்வதில்லை, அங்கே பிள்ளையே ஒரு வெந்நீர்ப் பை. பிடரியும் தோள்பட்டையும்தான் நடுங்குகின்றன.

19 டிசம்பர், அதிகாலை 3.10

பாதத்தைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். மொசைக் தரை ஐஸ். சாக்ஸ் போடுங்கள், இல்லை காலடியில் ஒரு கோரைப்பாயை விரியுங்கள். மறுபக்கம் மாற்ற வேண்டும், வருகிறேன்.

19 டிசம்பர், மதியம் 2.00

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்க என்னையே கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் பிடிபட்டது. பதினொன்றரைக்குக் கொடுத்தபோது குளிரவில்லை. மூன்று மணிக்குக் கொடுத்தபோது பல் கிட்டியது. இந்த மூன்றரை மணி நேரத்தில் ஊரில் அப்படி என்ன குளிர் இறங்கிவிடப் போகிறது?

நைட்டியைத் தொட்டுப் பார்த்தால் நனைந்திருந்தது. முதுகில் வியர்வை, முன்னால் பால். ஒரு பக்கம் பிள்ளை குடிக்கும்போது மறுபக்கம் தானாகச் சொட்டும், அது இடுப்பு வரைக்கும் இறங்கியிருக்கிறது. அந்த ஈரத்தின் மேல் ஃபேன் காற்று. மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? பானையின் மேல் கசிகிற ஈரம் காற்றில் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஐந்நூறு கலோரிக்கு மேல் வேண்டும், அவ்வளவு சூட்டையும் அது தொட்டுக்கொண்டிருக்கிற பொருளிடமிருந்துதான் பிடுங்கும். அந்தப் பானை நான்தான்.

ஆக குளிர் மார்கழியுடையது இல்லை, ஈரத்துடையது. ஃபேனை நிறுத்தினால் மேலும் வியர்த்து நனைகிறோம், போட்டால் நனைந்தது ஆவியாகிறது. நீங்கள் சொன்ன அதே கதை.

இப்போது செய்வது: படுக்கும்போதே இன்னொரு நைட்டியைத் தலைமாட்டில் மடித்து வைத்துவிடுகிறேன். எழுந்ததும் பிள்ளை எவ்வளவு கத்தினாலும் ஒரு நிமிஷம் அவளை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முதுகைத் துண்டால் துடைத்து உலர்ந்ததை மாட்டிக்கொண்டுதான் உட்காருவது. குடிக்காத பக்கத்தில் நான்காக மடித்த வேட்டித் துணி. சட்டையெல்லாம் அதற்கப்புறம்தான். ஈர நைட்டிக்கு மேல் சட்டை போட்டால் ஈரச்சாக்கைக் கட்டிக்கொண்ட மாதிரி.

19 டிசம்பர், இரவு 9.30

உலர்ந்த நைட்டிக்கு எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று கரையைக் கடந்தபோது இவளுக்கு இரண்டரை வாரம். அது புதுச்சேரிப் பக்கம் கடந்தாலும் இங்கே விமான நிலையத்தையே மூடுகிற அளவுக்குக் கொட்டியது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. வீடு முழுக்கக் கொடி கட்டி இருபத்து மூன்று துணி தொங்கியது, ஒன்றுகூடக் காயவில்லை, எல்லாவற்றிலும் புளித்த பால் நாற்றம். அன்று ராத்திரி அப்பாவின் வேட்டியும் தம்பியின் டீ-ஷர்ட்டும் போட்டுக்கொண்டுதான் பால் கொடுத்தேன். டீ-ஷர்ட்டின் முன்பக்கத்தைக் கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் கத்தரியால் வெட்டிவிட்டேன். அது அவனுடைய கல்லூரி டீ-ஷர்ட். அவன் இன்னும் பேசவில்லை.

கரண்ட் வந்த பிறகு கற்றது இது. நைட்டி முழுவதும் காய வேண்டியதில்லை, முதுகும் நெஞ்சும் காய்ந்தால் போதும். அந்த இரண்டு இடத்தில் மட்டும் இஸ்திரிப் பெட்டியை இரண்டு தடவை ஓட்டினால் ராத்திரிக்குத் தயார். அப்போதே சூட்டோடு மாட்டிக்கொண்டால் ஐந்து நிமிஷம் சொர்க்கம்.

22 டிசம்பர், மாலை

பிரசவத்துக்குப் பிறகு ஏன் இப்படி வியர்க்கிறது என்று கேட்டவருக்கு. கர்ப்ப காலத்தில் உடம்பு சேர்த்து வைத்த நீரை இறக்குகிறது. கூடவே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஒரேயடியாக விழுகிறது, மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்குக் குப்பென்று வியர்ப்பது மாதிரி. முதல் சில வாரம்தான் மோசம், அப்புறம் குறையும். மூத்தவன் பிறந்தது மே மாதம், அக்னி நட்சத்திரத்தின் நடுவில், அப்போது ஊரே வியர்த்ததால் இது என் வியர்வை என்று எனக்குத் தெரியவேயில்லை.

ராத்திரிப் பாலை விட்டுவிட்டு டப்பா பால் கொடுத்தால் தூங்கலாமே என்று என் சித்தி சொல்லிக்கொண்டே இருக்கிறார். பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம் ஊறுகிறது, முதல் மாதங்களில் ராத்திரி வேளையை விட்டால் பகலில் பால் குறைந்து நிற்கும். அவருக்கு இதைச் சொன்னேன். "எங்க காலத்துல அதெல்லாம் இல்ல" என்றார். புரோலாக்டின் அவர் காலத்திலும் இருந்தது.

இன்னொன்று, குளிரில் தோளை இறுக்கிக் குறுகி உட்கார்ந்தால் எனக்குப் பால் இறங்கத் தாமதமாகிறது. கொடுப்பதற்கு முன் வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டை மார்பில் இரண்டு நிமிஷம் வைத்தால் சுலபமாக இறங்குகிறது. பால் இறங்கும்போது நாக்கு வறண்டு தாகம் எடுக்கும், பக்கத்தில் ஃப்ளாஸ்கில் வெந்நீர் வையுங்கள். அம்மா சுக்குமல்லிக் காப்பி ஊற்றி வைக்கிறார். அருமை, ஆனால் பிள்ளை மடியில் இருக்கும்போது சூடாக எதையும் குடிப்பதில்லை என்று சட்டம் போட்டிருக்கிறேன்.

23 டிசம்பர், இரவு

ஜன்னி. இந்த வார்த்தையை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன், சொல்லிவிட்டீர்கள். பச்சை உடம்பு, காற்று பட்டால் ஜன்னி கண்டுவிடும், அதனால் காதில் பஞ்சு, தலையில் துண்டு, சன்னல் மூடல்.

முதல் பிரசவத்தில் இதற்காக அம்மாவோடு தினமும் சண்டை போட்டேன். இந்தத் தடவை சண்டை இல்லை. காரணம், என் ஆயாவின் அக்கா இரண்டாவது பிள்ளை பெற்ற ஆறாம் நாள் காய்ச்சலில் பிதற்றிப் பிதற்றிச் செத்துப்போனார் என்று போன மாதம்தான் அம்மா சொன்னார். அந்த வீட்டில் வளர்ந்தவர் சன்னலை மூடாமல் என்ன செய்வார்? ஆனால் அந்தக் காய்ச்சல் காற்றில் வந்தது இல்லை. கர்ப்பப்பையில் கிருமி புகுந்து ரத்தத்தில் பரவுவது அது, பெரும்பாலும் பிரசவம் பார்த்த கையிலிருந்தே போனது. 1847இல் வியன்னா ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிண அறுவை செய்த கையோடு பிரசவ வார்டுக்கு வந்த டாக்டர்களை குளோரின் சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவ வைத்தார், சாவு மளமளவென்று குறைந்தது. நம் வீடுகளில் பழி மட்டும் காற்றின் மேலேயே நின்றுவிட்டது.

பஞ்சை வைத்துக்கொள்கிறேன். செலவில்லை, அம்மா தூங்குகிறார். சன்னல் ஒரு கதவு திறந்திருக்கிறது. ஒப்பந்தம்.

27 டிசம்பர், அதிகாலை 4.40

கோயில் ஒலிபெருக்கி ஆரம்பித்துவிட்டது. இப்போதுதான் தூங்கினாள்.

27 டிசம்பர், மதியம்

பிள்ளைக்குக் குளிராதா என்ற கேள்விக்கு மட்டும் பதில். நம்மைவிட ஒரு சுற்று அதிகம் போதும். கை கால் சில்லென்று இருந்தால் பதறாதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும். பிடரியிலோ நெஞ்சிலோ விரலை வைத்துப் பாருங்கள், அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் சரி, வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். குரங்குக் குல்லாவோடு தூங்க வைக்காதீர்கள், தலை வழியாக அதுகள் நிறையச் சூட்டை விடுகின்றன. தூங்கும்போது அளவுக்கு மீறிச் சூடாவது குளிரைவிட ஆபத்து. முகத்துக்குப் பக்கத்தில் லூசான போர்வை கூடவே கூடாது. வெந்நீர்ப் பை வைத்துப் படுக்கையைச் சூடாக்கினால் பிள்ளையைப் போடுவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

என் மாமியார் பார்க்க வந்தபோது மூன்று குல்லா பின்னிக்கொண்டு வந்தார். அழகான குல்லாக்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது போட்டு போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

2 ஜனவரி 2025, மாலை

22ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். அதற்கு முன்னால் புத்தாண்டு ராத்திரியைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மணிக்கு நடுக்கம். உலர்ந்த நைட்டி, சட்டை, சாக்ஸ், எல்லாம் இருந்தும் நடுக்கம். இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. தெருவில் பட்டாசு வெடித்து ஓய்ந்திருந்தது, நான் மட்டும் "ஈரம்தான் காரணம்" என்று என் சொந்தக் கண்டுபிடிப்பை நம்பிக்கொண்டு மூன்றாவது முறையாக நைட்டி மாற்றினேன். அம்மாதான் நெற்றியில் கை வைத்துவிட்டு தெர்மாமீட்டரை எடுத்தார். 102.4. வலது மார்பின் வெளிப்பக்கம் சிவந்து, கல்லாட்டம் கட்டி, தொட்டால் உயிர் போனது. பால் கட்டி அழற்சியாகிவிட்டது.

நான் செய்த மடத்தனம் என்னவென்றால், அதற்கு முந்தின நாளே லேசாகக் கட்டியிருந்தது, அதைச் சுடச்சுட ஒத்தடம் கொடுத்து அழுத்தி அழுத்தி உருவினேன். டாக்டர் திட்டினார். வீங்கிச் சிவந்த இடத்தில் சூடு வைத்தால் வீக்கம் கூடும், அழுத்தித் தேய்த்தால் உள்ளே திசு நசுங்கும். 2022இலிருந்து தாய்ப்பால் மருத்துவர்களின் வழிகாட்டுதலே மாறிவிட்டது, இப்போது குளிர் ஒத்தடம், வலி மாத்திரை, மென்மையான கை. கட்டி கரைகிற வரைக்கும் காலியாக்குகிறேன் என்று பம்ப் போட்டு எடுத்துக்கொண்டே இருக்கவும் கூடாது, எடுக்க எடுக்க அதிகம் சுரக்கும். பிள்ளை கேட்கிறபோது வழக்கம்போல் கொடுக்கலாம், அந்தப் பக்கத்துப் பாலால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. எனக்கு ஆன்டிபயாட்டிக் எழுதினார், இப்போது காய்ச்சல் இல்லை.

எனவே, கட்டி இல்லாதபோது பால் இறங்குவதற்கு இரண்டு நிமிஷம் வெதுவெதுப்பான துண்டு, அது சரி. கட்டி, சிவப்பு, காய்ச்சல் என்றால் சூடு வேண்டாம், டாக்டரிடம் போங்கள். உடை மாற்றியும் நிற்காத நடுக்கத்துக்கு முதல் மருந்து தெர்மாமீட்டர். மார்பு நன்றாக இருந்து காய்ச்சல் மட்டும் அடித்தால் இன்னும் சீக்கிரம் போங்கள், மேலே எழுதினேனே ஜன்னி என்று, அது இன்றைக்கும் வரக்கூடியதுதான்.

5 ஜனவரி, மதியம்

உடம்பு தேறியது. அம்மா காசிமேட்டிலிருந்து பால்சுறா வாங்கிவரச் சொல்லி புட்டு செய்தார், பூண்டு ஒரு கை அள்ளிப்போட்டு. பால் கட்டிக்கொண்டு படுத்திருந்தவளுக்குப் பால் ஊற வைக்கிற உணவு. அம்மாவின் அன்புக்குத் தர்க்கம் கிடையாது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

சாப்பிடும்போது கேட்டேன், நீ எங்களுக்கு ராத்திரி எப்படிம்மா பால் கொடுத்தே, குளிரலையா? அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "முந்தானை இருக்குல்ல" என்றார்.

அட. சேலையில் இதெல்லாம் ஏற்கனவே இருக்கிறது. முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கை, கீழிருந்து இரண்டு கொக்கி மட்டும் கழற்றினால் போதும், தோள் மூடியபடியே இருக்கும். முந்தானையைப் பின்னாலிருந்து சுற்றித் தோளில் போர்த்திக்கொள்ளலாம், பிள்ளையின் காலை மூடலாம், வாயைத் துடைக்கலாம், நனைந்தால் உலர்ந்த நுனிக்கு நகர்த்தலாம். நைட்டிக்கு மாறியபோது வசதி வந்தது, முந்தானை போய்விட்டது. நான் ஒரு மாதமாகச் சட்டை, பொன்னாடை, வெட்டிய டீ-ஷர்ட் என்று தேடியது எல்லாம் அதைத்தான்.

அதற்காக ராத்திரி சேலை கட்டிக்கொண்டு படுங்கள் என்று சொல்லவில்லை, எனக்கு முடியாது. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்று, துவைத்துத் துவைத்துத் தோல் மாதிரி ஆகிவிட்டது, அதைப் பாதியாகக் கிழித்து நைட்டிக்கு மேலே தாவணி போலப் போட்டு இடுப்பில் செருகிக்கொள்கிறேன். சட்டையைவிட நூறு மடங்கு மேல். வீட்டுக்காரருக்கு அவர் சட்டை திரும்பிப் போகிறது, காலரில் பால் கறையோடு.

13 ஜனவரி, காலை

போகி. நான்கு மணியிலிருந்து டயர் நாற்றம். எல்லாச் சன்னலும் மூடி, ஃபேன் ஓடி, மூன்று பேரும் ஒரே அறையில். இன்றைக்கு மட்டும் அம்மாவின் சன்னல் கொள்கை வெற்றி. இதே அம்மாவை, பிள்ளைக்குச் சாம்பிராணி போடாதே, அதுவும் புகைதான் என்று சம்மதிக்க வைக்க இரண்டு வாரம் ஆனது.

9 பிப்ரவரி, இரவு

மூன்றாம் மாதம் முடிந்து அம்பத்தூருக்கு வந்துவிட்டோம். இங்கே ஏசி. மறுபடி முதலிலிருந்து.

ஏசியில் வியர்வை இல்லை, அதனால் ஈரக்குளிர் இல்லை, நிம்மதி என்று நினைத்தேன். நான்காம் நாள் வேறொன்று தொடங்கியது. பிள்ளை வாயை எடுத்ததும் காம்பு வெள்ளையாக வெளுத்து, ஊசி குத்துகிற மாதிரி எரிச்சல், ஐந்து நிமிஷம் கழித்துச் சிவந்து அடங்கும். பிள்ளையின் வாயிலிருந்து ஒட்டிய பூஞ்சைத் தொற்றோ என்று பயந்தேன். குளிர்ந்த காற்று பட்டு அங்கே ரத்தக்குழாய் சுருங்கிக்கொள்வதாம். பிள்ளை சரியாகக் கவ்வாமல் காம்பை மட்டும் நசுக்கினாலும் வருமாம், அதனால் கவ்வுவதையும் பார்க்கச் சொன்னார்கள். எனக்குக் காரணம் ஏசியின் காற்று நேராக என் கட்டில் பக்கம் வீசியதுதான். இப்போது அவள் வாயை எடுத்த நொடியே உலர்ந்த வெதுவெதுப்பான துணியால் உள்ளங்கையோடு பொத்திக்கொள்கிறேன், ஈரத்தோடு காற்றில் விடுவதில்லை. பாதி வலி போய்விட்டது.

11 பிப்ரவரி

ஏசி எத்தனையில் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 26. அவருக்கு 22 வேண்டும். காற்று மேல்நோக்கிப் போகும்படி இறக்கையைத் திருப்பிவிட்டு, அவர் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன். கல்யாணத்தைக் காப்பாற்றியது டேபிள் ஃபேன்.

11 பிப்ரவரி, இரவு 1.50

எழுத மறந்தது, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். கதகதப்பாகிவிட்டால் தூக்கம் வரும். நேற்று முன்தினம் ஹால் சோபாவில் சுங்குடியைச் சுற்றிக்கொண்டு கொடுத்தபடியே தூங்கிவிட்டேன், கண் விழித்தபோது அவள் என் கைக்கும் சோபா முதுகுக்கும் நடுவில் சரிந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. கை இன்னும் நடுங்குகிறது. சோபாவும் சாய்வு நாற்காலியும்தான் இதற்கு மிக மோசமான இடம். தூங்கிவிடுவேன் என்று தெரிந்தால் கெட்டியான மெத்தையில், தலையணையும் போர்வையும் அவள் பக்கம் இல்லாமல், ஒருக்களித்துப் படுத்துக் கொடுப்பது எவ்வளவோ மேல். போர்வை என் இடுப்போடு நிற்கும், தோளுக்குச் சட்டை. ஆமாம், திருப்பிக் கொடுத்த அதே சட்டை. படுக்கையில் சுங்குடி நழுவி அவள் முகத்தில் விழும், அது உட்கார்ந்திருக்கும்போது மட்டும்.

8 மார்ச்

மடிப்பாக்கத்துக்காரர் தி.நகரில் ஒரு கம்பளிச் சால்வை பார்த்திருக்கிறாராம், வாங்கலாமா என்று கேட்கிறார். இன்றைக்கு மதியம் மொட்டை மாடியில் வடாம் பிழிந்துவிட்டு வந்தேன், கால் கொப்பளிக்காத குறை. வேண்டாம். சுங்குடியைத் துவைத்து எடுத்துவைக்கலாம் என்று தேடினால் மூத்தவன் அதை இரண்டு நாற்காலிக்கு நடுவில் கட்டிக் கூடாரம் போட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறான். அந்த நாற்றம் அவனுக்குப் பிடித்திருக்கிறதாம், துவைக்கக்கூடாதாம்.

சரி, அடுத்த கேள்வி வியர்க்குரு பற்றி. அதை நாளைக்கு எழுதுகிறேன், எழுந்துவிட்டாள்.